நூலும் தபாலும்: குடும்பமாகச் செய்ய நாலு வாரப் பின்னல் சவால்

வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஏதாவது கைவேலை செய்யலாம் என்று பேச்சு வந்ததும் முதலில் ஸ்வெட்டர் அல்லது போர்வையைத்தான் நினைப்பார்கள். வேண்டவே வேண்டாம். ஸ்வெட்டர் முடிய மாதக்கணக்காகும். அதற்குள் பரீட்சை வரும், விருந்தாளி வருவார்கள், காய்ச்சல் வரும். பாதிக் கையோடு நிற்கும் நூல் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

இங்கே சொல்லப்போவது மிகச் சின்ன வேலை. ஒரு கடித உறைக்குள் தட்டையாக அடங்கும் பின்னல் புக்மார்க், அதோடு கையால் செய்த ஓர் அட்டை, கையால் மடித்த உறை. வாரம் ஒன்றாக நாலு வாரத்துக்கு நாலு பேருக்கு அனுப்பவேண்டும். எடுத்த பின்னல் முடியாமல் கிடப்பதற்குச் சோம்பல் மட்டுமே காரணமில்லை. அதற்காக யாரும் காத்திருக்காததும் ஒரு காரணம். இன்ன நாளில் தபாலில் சேர்க்க வேண்டும் என்று வைத்துவிட்டால் அதற்குள் எப்படியாவது முடிந்துவிடும்.

முதலில் தபால் கணக்கு

நூல் வாங்குவதற்கு முன் உறையின் அளவைத் தீர்மானித்துவிடுங்கள். சாதாரணக் கடிதமாகப் போனால்தான் செலவு குறைவு. பருமனானால் பார்சல் கட்டணம் ஆகிவிடும்.

சிறு கடிதத்துக்குச் சர்வதேச அஞ்சல் ஒன்றியம் சொல்லும் அளவு இது: குறைந்தது 90 × 140 மி.மீ., அதிகபட்சம் 165 × 245 மி.மீ., தடிமன் 5 மி.மீ.க்குள், எடை 100 கிராமுக்குள். உள்நாட்டு விதிகள் கொஞ்சம் மாறலாம். பல நாடுகளில் மிகக் குறைந்த கட்டணம் 20 கிராம் வரைக்கும்தான். நாமும் அந்த 20 கிராமையே இலக்காக வைத்துக்கொள்வோம்.

கூட்டிப் பாருங்கள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். அதில் 21 செ.மீ. சதுரம் வெட்டிச் செய்யும் உறை 3.5 கிராம். 250 ஜிஎஸ்எம் அட்டையில் பாதி ஏ4, ஏறக்குறைய 8 கிராம். பத்து மீட்டர் நூலில் முடியும் புக்மார்க் 4 முதல் 5 கிராம். கடிதம் எழுத அரைத்தாள் 2.5 கிராம். மொத்தம் 19 கிராமுக்குப் பக்கத்தில் வரும். ஸ்டாம்ப், கோந்துக்குக் கொஞ்சம் இடமிருக்கிறது, வேறெதற்கும் இல்லை. இந்த எடை பார்க்கும் பொறுப்பை, "எனக்கு இதெல்லாம் போர்" என்று ஒதுங்கி நிற்கும் பதின்வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். பின்னமாட்டேன் என்பவர்கூட தராசை விடமாட்டார்.

தடிமனுக்கு ஒரு சோதனை: கெட்டியான அட்டையில் 5 மி.மீ. அகலத்துக்கு நீளமாக ஒரு பிளவு வெட்டுங்கள். ஒட்டிய உறை அதில் இடிக்காமல் தானாக வழுக்கி இறங்க வேண்டும். தள்ளித்தான் போகிறது என்றால் பின்னலை இன்னும் அழுத்த வேண்டும்.

நூலும் ஊசியும்

டிகே எனப்படும் நடுத்தர நூல், 4 மி.மீ. ஊசி ஒரு ஜோடி. புதிதாகக் கற்பவருக்கு மூங்கில் ஊசி நல்லது, உலோக ஊசியில் கண்ணிகள் வழுக்கி விழும். நூல் வெளிர் நிறத்தில், ஒரே சாயலில் இருக்கட்டும். கறுப்பிலும் கரும்நீலத்திலும் எது கண்ணி, எது இடைவெளி என்று பழகிய கண்ணுக்கே தெரியாது. பஞ்சுபோல மயிர் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையும் தவிர்த்துவிடுங்கள், அதைப் பிரித்துப் பின்ன முடியாது. கண்பார்வை குறைந்த பெரியவர் பின்னுகிறார் என்றால் மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு, வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி உட்காரட்டும்.

ஐம்பது கிராம் நூல்கண்டு ஒன்றில் பத்து புக்மார்க்குக்கு மேல் வரும். ஆகவே மூன்று நிறத்தில் மூன்று கண்டு போதும். மொட்டை முனை கொண்ட கம்பளி ஊசி ஒன்றும் வேண்டும், கடைசியில் நூல் வால்களை ஒளித்துவைக்க. கிட் என்று அட்டைப்பெட்டியில் வருவதை வாங்கவேண்டாம், அதில் பாதிப் பொருளுக்கு வேலையே இருக்காது.

பின்னல்

ஊசியில் தொங்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. நமக்கு 12 கண்ணி வேண்டும். அகலம் ஐந்தரை செ.மீ. அளவுக்கு வரும்.

கண்ணி ஏற்றப் பல முறைகள் உண்டு. வீட்டில் எல்லோரும் கற்க நான் சொல்வது பின்னி ஏற்றும் முறை. காரணம் எளிது: கண்ணி ஏற்றும்போது செய்யும் கையசைவுதான் பின்னும்போதும். ஒன்றைக் கற்றால் இரண்டும் வந்துவிடும்.

நூல் முனையில் 15 செ.மீ. விட்டு ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். அதுதான் முதல் கண்ணி. இனி:

1. வலது ஊசியின் முனையை அந்தக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னாலாக நுழையுங்கள். இரண்டு ஊசியும் பெருக்கல் குறிபோல இருக்கும், வலது ஊசி பின்னால்.
2. கண்டிலிருந்து வரும் நூலை வலது ஊசி முனையைச் சுற்றி, கடிகாரம் ஓடும் திசைக்கு எதிராக ஒரு சுற்றுக் கொண்டுவந்து இரண்டு ஊசிக்கும் நடுவில் விடுங்கள்.
3. வலது ஊசியை மெல்ல உங்கள் பக்கம் இழுத்து, அந்தச் சுற்றைப் பழைய கண்ணிக்குள் வழியாக முன்னே கொண்டுவாருங்கள். புது வளையம் ஒன்று கிடைக்கும்.
4. அந்த வளையத்தை இடது ஊசியிலேயே மாட்டிவிடுங்கள்.

இப்படி 12 வரும்வரை. அப்புறம் பின்னல் ஆரம்பம். முதல் மூன்று செய்கையும் அதேதான். நாலாவது மட்டும் மாறும்: புது வளையம் வலது ஊசியிலேயே தங்கும், பழைய கண்ணி இடது ஊசியிலிருந்து நழுவி விழும். இது நிட். பன்னிரண்டும் வலது ஊசிக்குப் போனதும் ஊசிகளைக் கைமாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து.

எல்லா வரிசையும் நிட்டாகவே பின்னினால் கிடைப்பது கார்ட்டர் பின்னல். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்பும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி, ஓரம் சுருளாது, தட்டையாகக் கிடக்கும். உறைக்குள் போகும் பொருளுக்கு வேறென்ன வேண்டும்? கடைகளில் பார்க்கும் வழவழப்பான பின்னல் அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது, ஓரம் குழாய்போல் சுருண்டுகொள்ளும்.

அளவு: 28 மேடு. நீளம் ஏறக்குறைய 14 செ.மீ. ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 4 மேடு, அதாவது 8 வரிசை. புதியவருக்கும் கால்மணி நேர வேலை. இன்னும் ஆசையாக இருந்தாலும் நாலு மேட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். முதல் நாளே பாதி முடித்தவர் மூன்றாம் நாள் ஊசியைத் தொடமாட்டார்.

முடிப்பதற்கு: இரண்டு கண்ணி பின்னுங்கள். இடது ஊசி முனையால் வலது ஊசியில் முதலில் வந்த கண்ணியைத் தூக்கி, இரண்டாவதைத் தாண்டிக் கீழே விடுங்கள். இன்னொன்று பின்னி, மறுபடி தாண்டவிடுங்கள். கடைசி ஒன்று மிஞ்சும்போது நூலை 15 செ.மீ. விட்டு வெட்டி, அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் முடிந்தது. இதை எப்போதும் தளர்வாகச் செய்யவேண்டும். இறுக்கினால் புக்மார்க்கின் ஒரு முனை மட்டும் குறுகி ஆப்பு மாதிரி ஆகிவிடும்.

பன்னிரண்டு எப்படிப் பதினைந்தானது?

புதியவர் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. பின்னப் பின்ன அகலம் கூடிக்கொண்டே போகும். பெரும்பாலும் குற்றவாளி வரிசையின் முதல் கண்ணிதான். ஊசியைக் கைமாற்றும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருந்தால், கீழ்க்கண்ணி மேலே இழுபட்டு, ஒரே கண்ணியின் இரண்டு கால்களும் இரண்டு கண்ணிபோலத் தெரியும். அவர் இரண்டையும் பின்னிவிடுவார். ஒவ்வொரு வரிசை தொடங்கும்போதும் நூலை ஊசிக்கு அடியில் நன்றாகக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு பின்னாலே கொண்டுபோனால் இது நிற்கும்.

குறைகிறது என்றால் எங்கோ ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. பதறி ஊசியை ஆட்டாதீர்கள். நழுவிய வளையத்தில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டால் அது மேற்கொண்டு இறங்காது, பிறகு நிதானமாக எடுத்து ஊசியில் ஏற்றலாம். பிள்ளைகள் பின்னும்போது ஒவ்வொரு நாள் முடிவிலும், ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிக்குள்ளும் மெல்லிய தையல் நூல் ஒன்றைக் கோத்து விட்டுவையுங்கள். மறுநாள் என்ன ஆனாலும் அந்த நூல்வரைக்கும்தான் பிரிய முடியும்.

ஒரு கண்டிப்பான விதி: ஒருவர் பின்னலை இன்னொருவர் திருத்தக் கூடாது. பிள்ளை தூங்கியபின் அம்மா எடுத்து நேராக்கி வைப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் காலையில் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், இது தன் கை இல்லை என்று.

ஊசி பிடிக்கும் வயது வராதவர்களுக்கு

விரல்பின்னல் இருக்கிறது. இடது உள்ளங்கை தன்னைப் பார்க்கும்படி வைத்து, நூல் வாலைக் கட்டைவிரலுக்குள் பிடித்துக்கொண்டு, நாலு விரலுக்கும் முன்னும் பின்னுமாக நூலை ஓட்டித் திரும்பி வரவேண்டும். இதையே மறுபடி செய்தால் ஒவ்வொரு விரலிலும் இரண்டு வளையம் இருக்கும். கீழ் வளையத்தைத் தூக்கி மேல் வளையத்தையும் விரல்நுனியையும் தாண்டிப் பின்னால் விடவேண்டும். மறுபடி ஒரு ஓட்டு, மறுபடி தாண்டல். புறங்கைப் பக்கம் ஒரு கயிறு வளரத் தொடங்கும். நாலு விரல் கயிறு உறைக்குப் பருமன். இரண்டு விரலில் மட்டும் செய்தால் மெல்லியதாக வரும். ஒரு சாண் நீளம் போதும், அதையே புக்மார்க்காக வைத்து அனுப்பலாம். விரல் இறுகிச் சிவந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

தட்டையாக்குதல்

நூல் வால்களைக் கம்பளி ஊசியில் கோத்து, மேடுகளுக்கு நடுவே மூன்று நாலு செ.மீ. ஓட்டி, திசை திருப்பிக் கொஞ்சம் ஓட்டி வெட்டுங்கள். முடிச்சுப் போட்டால் அந்த இடம் மட்டும் புடைக்கும், பிளவுச் சோதனையில் அங்கேதான் மாட்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நேராக இழுத்துவிட்டுக் காயப்போடுங்கள். காய்ந்ததும் ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில். அக்ரிலிக் நூலில் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள், இளகி உயிரற்றுத் தொங்கிவிடும்.

அட்டையும் உறையும்

ஏ4 அட்டையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நடுவில் மடித்தால் 105 × 148 மி.மீ. அட்டை கிடைக்கும். மடிக்குமுன் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து மடிப்புக்கோட்டில் அழுத்தி ஒரு கோடு இழுங்கள், வெடிக்காமல் மடியும்.

உறைக்கு ஏ4 தாளின் ஒரு மூலையைக் குறுக்கே மடித்து, மிஞ்சும் பட்டையை வெட்டினால் 21 செ.மீ. சதுரம். அதை வைரவடிவமாகத் திருப்பி வையுங்கள். அந்த மூலைவிட்டம் 29.7 செ.மீ., ஏ4 தாளின் நீளமேதான். ஏ வரிசைத் தாள்களின் நீள அகல விகிதம் இரண்டின் வர்க்கமூலம் என்பதால் வரும் வசதி இது. கணக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் பிதாகரஸ் தேற்றத்தை இங்கேயே காட்டிவிடலாம். நடுவில் அட்டையைப் படுக்கவைத்து, சுற்றிலும் நாலைந்து மி.மீ. இடம் விட்டு, இடதும் வலதும் உள்ளே மடியுங்கள், பிறகு கீழ்மடல். கீழ்மடலின் ஓரங்களில் மட்டும் கோந்து. மேல்மடல் கடைசியில். பழைய நாள்காட்டித் தாள், வரைபடம், பிள்ளைகளின் வண்ணத் தாள் எதில் வேண்டுமானாலும் செய்யலாம். முகவரிக்கு மட்டும் வெள்ளைத்துண்டு ஒன்று ஒட்டுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது

"நலம், நலமறிய ஆவல்" என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கடிப்பவர்கள்தான் அதிகம். அரைத்தாள்தான் இடம் என்பதே ஒரு உதவி. நல்ல கேள்வி ஒன்று கொடுத்துவிட்டால் தானாக நிரம்பும். இந்த வாரம் வீட்டில் எது உடைந்தது? யார் எதற்குச் சண்டை போட்டார்கள்? ஜன்னலிலிருந்து இப்போது என்ன தெரிகிறது? வாரத்துக்கு ஒரு கேள்வி, அதற்கு வீட்டில் ஒவ்வொருவரும் இரண்டு வரி. எழுதத் தெரியாத குழந்தை சொல்லச் சொல்ல ஒருவர் எழுதட்டும், சொன்ன சொல்லை மாற்றாமல்.

பதில் வரவேண்டும் என்று ஆசையிருந்தால், பாதியில் நிற்கும் ஒன்றை அனுப்புங்கள். அமெரிக்கக் கலைஞர் ரே ஜான்சன் 1960களில் தபால் வழியாகவே ஒரு கலை வட்டத்தை நடத்தினார். பாதி வரைந்த படங்களை அனுப்பி, இதில் ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்பார். ஒரு பாதி யானை, ஒரு காலி முகம், இரண்டு வரியோடு நிற்கும் கதை எதுவானாலும் சரி. அத்தையோ தாத்தாவோ அதை முடிக்காமல் இருக்கமாட்டார்கள்.

நாலு வாரம்

முதல் வாரம் ஒரே நிறம், எல்லாம் நிட். அலங்காரம் எதுவும் வேண்டாம்.

இரண்டாம் வாரம் வானிலை புக்மார்க். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். நாளுக்கு 4 மேடு என்றோமே, ஏழு நாளுக்கு ஏழு பட்டை. வெயிலுக்கு ஒரு நிறம், மேகமூட்டத்துக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. மாலையில் வீட்டில் உள்ளவர்கள் கூடி அன்றைக்கு என்ன நிறம் என்று தீர்மானிக்கவேண்டும். மத்தியானம் வரை வெயில், அப்புறம் தூறல் என்ற நாளில் நல்ல வழக்கு நடக்கும். நிறம் மாற்றுவது எளிது: புது நூலில் 15 செ.மீ. வால் விட்டு, வரிசையின் முதல் கண்ணியைப் புது நூலால் பின்னத் தொடங்கினால் போதும். எட்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றுவதால் எப்போதும் ஒரே ஓரத்தில்தான் மாறும், மேடும் குலையாது. எந்த நிறம் எதற்கு என்று கடிதத்தில் எழுத மறக்காதீர்கள். வெயில் வாரமாகவே போய் ஏழு பட்டையும் ஒரே நிறமானால் அப்படியே அனுப்புங்கள், வாரம் அப்படித்தானே இருந்தது.

மூன்றாம் வாரம் பர்ல். நூலை ஊசிக்கு முன்னால் வைத்து, வலது ஊசியைக் கண்ணிக்குள் வலமிருந்து இடமாக முன்பக்கமே நுழைத்து, நூலைச் சுற்றி, வளையத்தைப் பின்பக்கம் தள்ளி எடுக்கவேண்டும். இந்த முறை 13 கண்ணி ஏற்றி, ஒரு நிட் ஒரு பர்ல் என்று மாறி மாறி, எல்லா வரிசையும் நிட்டில் தொடங்கி நிட்டில் முடியட்டும். விதை தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும், இதுவும் சுருளாது. நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூலை ஊசிகளுக்கு நடுவே முன்னால் கொண்டுவரவேண்டும். ஊசிக்கு மேலே கொண்டுவந்தால் இல்லாத கண்ணி ஒன்று முளைக்கும்.

நாலாம் வாரம் பின்னலுக்கு விடுமுறை விட்டு, சின்ன அட்டைகள். 64 × 89 மி.மீ., விளையாட்டுச் சீட்டின் அளவு. 1997இல் சூரிச்சில் ஸ்டிர்னெமான் என்ற கலைஞர் தொடங்கிவைத்த வழக்கம் இது: இந்த அளவில் படம் செய்யலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. அளவு சின்னது என்பதால், எனக்கு வரைய வராது என்பவரும் பயப்படாமல் உட்கார்ந்துவிடுவார். மிஞ்சிய நூலைக்கூட ஒட்டலாம்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பு வேலை வைக்காதீர்கள். அந்த வாரம் புக்மார்க் நாலு மேடு குட்டையாகப் போகட்டும். நட்சத்திர அட்டவணை, பரிசு எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. பரிசு வந்தவுடன் யாருடையது நேராக இருக்கிறது என்ற பேச்சும் வந்துவிடும். தேதி குறிக்க ஒரு நாள் தேவையென்றால் அக்டோபர் 9 இருக்கிறது, உலக அஞ்சல் தினம். 1874இல் அதே நாளில்தான் சர்வதேச அஞ்சல் ஒன்றியத்துக்கான ஒப்பந்தம் பெர்ன் நகரில் கையெழுத்தானது. கடைசி உறை அன்றைக்குத் தபாலில் விழும்படி செப்டம்பரில் தொடங்கலாம்.

தபாலில் சேர்க்குமுன்

உறைக்குள் பொத்தான், மணி, கிளிப், ஸ்டேப்ளர் பின் எதுவும் கூடாது. கடிதம் பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கி, உங்கள் உறையும் கிழியும், அடுத்தவர் உறையும் கிழியும். வெளியே நூல் கட்டி அனுப்பும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ஸ்டாம்ப் வலது மேல்மூலையில். அதன்மேல் டேப் ஒட்டினால் முத்திரை பதியாது. அடியில் ஒன்றரை செ.மீ. அளவுக்குப் படம் எதுவும் இல்லாமல் விட்டுவிடுங்கள், இயந்திரம் கோடு அச்சிடும் இடம் அது. ஜெல் பேனாவில் முகவரி எழுதியிருந்தால் மழையில் கரையக்கூடும். நன்றாகக் காய்ந்ததும் வெள்ளை மெழுகுவத்தியால் எழுத்தின்மேல் லேசாகத் தேய்த்துவிட்டால் தண்ணீர் ஒட்டாது.

அனுப்பியது யாருக்கு, எந்த நிறம், எந்தத் தேதி, உள்ளே என்ன கேள்வி என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒட்டுமுன் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதம் கழித்து, "அந்த யானையின் வாலை நான்தான் வரைந்தேன், சரியா?" என்று பதில் வரும்போது, எந்த யானை என்று யாருக்கும் நினைவிருக்காது.